குடியானவர் வீட்டில் தையற் கருவிகள்

சம்பா அறுவடை முடிந்து, நெல் விலையாகி, கையில் நாலு காசு புழங்கும் தை, மாசி மாதங்களில் குடியானவர் வீடுகளில் நடைபெறும் கொள்முதல்களுள் தையல் யந்திரமும் ஒன்றாகும். மகள் படிப்பை முடித்திருப்பாள். அல்லது மருமகள் தையல் கற்க விருப்பம் தெரிவித்திருப்பாள். வீட்டுத் தலைவர் உரம் வாங்கவோ, வங்கிக் கணக்கைப் பார்க்கவோ நகரத்திற்குச் செல்லும் நாளில், கடைக்காரர் எடுத்துக் காட்டிய யந்திரத்தை விலை பேசி, வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேருவார். முதல் மாதம் அது ஓயாமல் ஓடும். பின்னர் நூல் அறத் தொடங்கும், ஊசி ஒடியும், தையல் ஓரிடத்தில் இறுகி, மற்றோரிடத்தில் தளர்ந்து, துணி சுருக்கம் சுருக்கமாக எழும்பும். ஆறு மாதம் கழித்து அவ்வீட்டிற்குச் சென்று பார்த்தால், யந்திரத்தின் மேல் ஒரு விரிப்பும், விரிப்பின்மேல் மடித்து வைக்கவேண்டிய துணி மூட்டையும் காணப்படும். இக்காட்சி அநேக கிராமங்களில் யாவரும் அறிந்ததே.

இதற்குக் கற்றவளின் அக்கறைக் குறைவே காரணம் என்று வீட்டார் தீர்மானித்துவிடுவது வழக்கம். அது பெரும்பாலும் தவறான தீர்மானம். வாங்கிய முறையிலேயே குறை இருக்கிறது. கையிலிருந்த தொகை முழுவதையும் யந்திரத்தில் போட்டுவிட்டு, கத்தரிக்கோல், அளவு நாடா, ஊசி, நூல் ஆகியவற்றைச் சந்தையில் கிடைத்த மட்டமான விலைக்கு வாங்குவது, டிராக்டர் வாங்கிய கையோடு விதை நெல்லுக்குக் கடன் கேட்டு அலைவதற்கு ஒப்பாகும். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. யந்திரத்தை மிதிக்கப்போகும் கால்களும், துணியைப் பிடிக்கப்போகும் கைகளும் கடைக்கு அழைத்துச் செல்லப்படுவதேயில்லை. உழவு மாடு பிடிக்கச் செல்கிறவர் ஓட்டப்போகும் ஆளை உடன் அழைத்துச் செல்லத் தவறமாட்டார். அந்த விவேகம் தையல் யந்திரத்தின் விஷயத்தில் மட்டும் மறந்து போகிறது.

யந்திரம் தேவைதானா, தேவையானால் எத்தகையது என்று நிச்சயிப்பதற்குக் கணக்குப் புத்தகமே நல்ல வழிகாட்டி. ஓர் ஆடி முதல் மறு ஆடி வரை, வீட்டிலிருந்து தையற்காரருக்குச் சென்ற கூலி எவ்வளவு, எந்தெந்த உருப்படிகளுக்குச் சென்றது, சிறு கிழிசலுக்காக ஒதுக்கி எறியப்பட்டவை எவை என்று குறித்து வைத்தால் உண்மை நிலை விளங்கும். பெண்மக்கள் மூவர் நால்வர் உள்ள வீட்டில் ரவிக்கையும் உள்பாவாடையுமே கணக்கின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் சட்டைகளும், தலையணை உறைகளும், பழஞ்சேலையில் தைக்கும் மெத்தை விரிப்புகளும் சேரும். நிலத்திற்கென்றும் சில தையல் உண்டு: விதைப்பை, பருத்தி எடுப்போர் இடுப்பில் கட்டும் மடிப்பை, காய்கறி நாற்றங்காலின்மேல் விரிக்கும் நிழல்வலையின் ஓரம் ஆகியவை. ஆனால் நெல் உலர்த்தும் தார்ப்பாயின் கிழிசலை வீட்டு யந்திரத்தில் கொடுத்துத் தைக்க முற்படுதல் கூடாது. அது கோணி ஊசிக்கும் சணல் நூலுக்கும் உரிய வேலை. அந்த ஒரு கிழிசலில் ஊசித் தண்டு வளைந்துபோன யந்திரங்கள் பல.

கைக்கருவிகள் முதலில்

தையல் கற்க விரும்புகிறவர் முதல் இரண்டு மாதம் யந்திரமின்றியே கற்கலாம். அவ்வாறு கற்றவர் பின்னர் யந்திரத்தில் விரைவாகத் தேறுகிறார். இக்காலத்திற்கு வேண்டியவை சிலவே. ஆயினும் அவை நல்லனவாக இருத்தல் வேண்டும்.

அவற்றுள் கத்தரிக்கோலே தலைமையானது. துணி வெட்டும் கத்தரிக்கோல் எட்டு முதல் பத்து அங்குல நீளமுள்ளதாகவும், அதன் கைப்பிடி சற்று மேல்நோக்கி வளைந்ததாகவும் இருக்கவேண்டும். வளைந்த பிடியுள்ளதானால் கீழ் அலகு பலகையின்மீது படிந்தே செல்லும், துணி மேலெழும்பாது, கோடு பிசகாது. நேர்ப்பிடியுள்ளதைக் கொண்டு வெட்டும்போது ஒவ்வொரு வெட்டிற்கும் துணி விரற்கடை அளவு தூக்கப்படுகிறது. அந்தப் பிசகு ரவிக்கையின் கைக்குழியில் வந்து நிற்கும். இரு அலகுகளையும் இணைக்கும் இடத்தில் அடித்து இறுக்கிய ஆணியைவிட, திருகி முறுக்கக்கூடிய திருகாணி மேலானது. தேய்ந்து தளரும்போது இறுக்கிக்கொள்ளலாம். கடையிலேயே சோதித்து வாங்கவேண்டும். மெல்லிய பருத்தித் துணியின் துண்டு ஒன்றை மடித்து, அலகின் அடியில் வெட்டாமல், நுனியால் மட்டும் வெட்டிப் பார்த்தல் வேண்டும். நுனி துணியைக் கடித்து மெல்லுமாயின், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு அலகுகள் மாறி அமைந்த தனிக் கத்தரிக்கோல் உண்டு. அதைக் கேட்டு வாங்குவதே நலம். வலக்கைக் கத்தரிக்கோலால் இடக்கைக்காரர் வெட்டினால் கோடே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும்.

உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில் கையால் அடித்துச் செய்யப்படும் கத்தரிக்கோல்கள் நம் நாட்டுத் தையற்காரர்களிடையே நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. பழைய மோட்டார் வாகனங்களின் எஃகிலிருந்து அலகு அடிக்கப்படும் இவற்றிற்கு 2013-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இவை மழுங்கினால் சாணை பிடித்துத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம் என்பது இவற்றின் பெருஞ் சிறப்பு. பிளாஸ்டிக் பிடியும் தகடு போன்ற அலகுமுள்ள மலிவான கத்தரிக்கோல்களில் பல சாணைக்குத் தாங்குவதில்லை.

நல்ல கத்தரிக்கோல் வாங்கிய வீட்டில் அதற்கு ஒரு காவலும் வேண்டும். தம் கருக்கரிவாளால் எவரேனும் முள் வெட்டினால் பொறுக்காத குடியானவர், தம் வீட்டுத் துணிக் கத்தரிக்கோலால் விதைப் பொட்டலத்தையும், பூச்சிமருந்து உறையையும், சொட்டுநீர்க் குழாயையும் தயங்காமல் வெட்டுகிறார். காகிதமும் பிளாஸ்டிக்கும் துணி வெட்டும் கூரை விரைவில் தின்றுவிடும். பூச்சிமருந்தின் தீங்கு இதில் தனி. அந்த அலகு பட்ட துணி குழந்தையின் மேனிக்குச் செல்கிறது. ஆதலால் காகிதத்திற்கென்று ஒரு பழைய கத்தரிக்கோலையும், தோட்டத்து வேலைக்கென்று ஒரு கத்தியையும் வேறாக வைத்து, துணிக்குரியதை ஓர் உறையிலிட்டு உயர்ந்த இடத்தில் மாட்டிவைத்தல் அவசியம்.

அளவு நாடா ஒரு புறம் 60 அங்குலமும், மறு புறம் 150 சென்டிமீட்டரும் குறிக்கப்பட்டுக் கிடைக்கிறது. துணியாலான நாடா நாளடைவில் நீண்டுவிடும். நீண்ட நாடாவால் அளந்த அளவு எப்பொழுதும் குறைவாகவே வரும். உடை இறுக்கமாக அமையும். பழி தைத்தவர் மேல் விழும். இழை கலந்த, இழுத்தால் நீளாத நாடாவே தக்கது. வாங்குமுன் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் எஃகு அளவுகோலுடன் ஒட்டி வைத்து ஒத்துப் பார்க்கலாம். நாடாவின் நுனியிலுள்ள தகட்டிற்கு முன்பே அளவு தொடங்குகிறதா, பின்பே தொடங்குகிறதா என்பதையும் கவனித்தல் வேண்டும்.

ஊசியின் எண்ணில் பலர் ஏமாறுகின்றனர். கையூசிகளில் எண் ஏற ஏற ஊசி மெல்லியதாகும். யந்திர ஊசிகளில் எண் ஏற ஏற ஊசி பருமனாகும். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழானவை. இதை அறியாமல் மெல்லிய வாயில் துணிக்குப் பெரிய எண்ணுள்ள யந்திர ஊசியை வாங்கிவந்து, துணி நெடுகத் துளைகளைக் கண்டு திகைப்பவர் உண்டு. கையூசியை ஒரே எண்ணில் வாங்காமல், பல அளவும் கலந்த ஒரு பொட்டலமாக வாங்குவது கற்பவருக்கு ஏற்றது. குண்டூசிகள் துருப்பிடிக்காதவையாகவும், தலையில் மணியுள்ளவையாகவும் இருந்தால் களத்து மேட்டுத் திண்ணையில் சிந்தினாலும் கண்ணில் படும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் இது சிறு விஷயமன்று. நாற்பது வயதைக் கடந்தவர் கற்கத் தொடங்கினால், ஊசியில் நூல் கோக்க உதவும் மெல்லிய கம்பி வளையம் ஒன்றையும், கண் பரிசோதனைக்குப் பின் கண்ணாடி ஒன்றையும் தையற் கருவிகளாகவே கருதவேண்டும். நூல் கோக்க இயலாமையால் தையலையே கைவிட்டவர் பலர். அதை அவர்கள் வெளியிற் சொல்வதில்லை.

குறியிடும் சுண்ணக்கட்டி, விரலுறை, தையல் பிரிக்கும் சிறு கத்தி ஆகியவற்றைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பற்றி மட்டும் ஒரு சொல். அதைச் சலவைக்குரிய பொருள் என்று எண்ணி, தையலில் சேர்க்காமல் விடுகின்றனர். வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்தித் தேய்ப்பதும், ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் விரித்து வைத்துத் தேய்ப்பதுமே வீட்டுத் தையலுக்கும் கடைத் தையலுக்கும் உள்ள வேற்றுமையிற் பாதியை நீக்கிவிடும். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும் இயல்புடையது. நனைக்காமல் வெட்டித் தைத்த உள்பாவாடை முதல் வெளுப்பிலேயே கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும்.

யந்திரத்தின் இயல்பு

குடியானவர் யாவரும் கோணி ஊசியை அறிவர். அதன் காது பின்புறத்தில் இருக்கிறது. ஊசி முழுவதும் சாக்கினுள் புகுந்து மறுபுறம் வரவேண்டும். யந்திர ஊசியிலோ காது முனையருகே இருக்கிறது. ஊசி துணியில் பாதி தூரமே இறங்கி, நூலைக் கண்ணியாக விட்டுத் திரும்புகிறது. கீழேயுள்ள கொக்கி அக்கண்ணியைப் பிடித்து விரித்து, பாபினில் சுற்றிய கீழ்நூலைச் சுற்றிக் கடத்துகிறது. இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிப் பூட்டிக்கொள்கின்றன. முனையில் காதுள்ள ஊசியும், இரண்டு நூலுமாக அமைந்த இவ்வகை யந்திரத்திற்கு அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஐசக் சிங்கர் பெற்ற காப்புரிமைக்குப் பின் அது வீடுகளுக்குள் பரவியது. யந்திரங்களின்மேல் கொண்ட மோகத்தைக் கண்டித்து வந்த காந்தியடிகளே 1924-இல் ஒரு மாணவருடன் உரையாடியபோது, பயனுள்ள யந்திரத்திற்கு உதாரணமாகச் சிங்கரின் தையல் யந்திரத்தைத்தான் விலக்களித்துப் பேசினார். மனைவியின் கைத்தையல் உழைப்பைக் குறைக்கும் அன்பே அக்கருவிக்குக் காரணம் என்பது அவர் கருத்து.

இரு நூல் பூட்டுத் தையலின் பெருமையை அறிய, உர மூட்டையின் வாயைப் பார்த்தால் போதும். அங்கே இருப்பது சங்கிலித் தையல். உரிய முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் முழு வாயும் ஒரே இழுப்பில் பிரிந்துவிடும். மூட்டைக்கு அது சௌகரியம். ரவிக்கைக்கு அது ஆபத்து. இப்பொழுது கைக்குள் அடங்கும் சிறு யந்திரங்கள், பொத்தானை அழுத்தினால் மின்கலத்தில் ஓடுபவை, மிகக் குறைந்த விலைக்கு விளம்பரப்படுத்தப்படுகின்றன. அவற்றிற் பெரும்பாலானவை இடுவது அந்த உர மூட்டைத் தையலேயாகும். கற்பவருக்கு அவற்றால் எவ்விதப் பிரயோஜனமும் இல்லை. அந்தப் பணத்தில் கத்தரிக்கோலை உயர்ந்த தரத்தில் வாங்கலாம்.

வீட்டிற்குரிய யந்திரங்கள் கையால் சுழற்றுவன, காலால் மிதிப்பன, மின்சாரத்தால் ஓடுவன என மூவகையாம். கைச்சுழற்சி யந்திரம் இடம் அடைக்காது. தரையில் அமர்ந்து தைக்கலாம். ஆனால் வலக்கை சக்கரத்திற்குப் போய்விடுவதால் துணியைச் செலுத்த இடக்கை ஒன்றே மிஞ்சும். காலால் மிதிக்க இயலாதவருக்கு அது வரப்பிரசாதம். மற்றையோர்க்கு நெடுங்காலம் போதாது. கால்மிதி யந்திரத்தில் இரண்டு கையும் துணிக்குக் கிடைக்கின்றன. வேகம் கற்பவரின் காலில் அடங்கியிருக்கிறது. மின்சாரம் தடைப்பட்டாலும் வேலை நிற்பதில்லை. இரும்பால் வார்த்த தலையுள்ள கறுப்பு நிற யந்திரம் இவ்வகையில் பழையது. 1930-களில் கல்கத்தாவில் நம் நாட்டிலேயே இதன் உற்பத்தி தொடங்கியது. லூதியானா இன்றும் இத்தொழிலின் முக்கிய கேந்திரமாக விளங்குகிறது. இதன் பாபின், பாபின் கேஸ், ஊசி, பெல்ட் முதலிய உறுப்புகள் எந்தச் சிறு நகரத்திலும் கிடைக்கும். பழுது பார்ப்பவர் வாரச் சந்தைக்கே வருவார். பின்னர் விருப்பமேற்பட்டால் அதே தலையில் சிறு மின்மோட்டாரைப் பொருத்திக்கொள்ளவும் முடியும். கற்கத் தொடங்கும் குடியானவர் வீட்டிற்குப் பத்தில் ஒன்பது சந்தர்ப்பங்களில் இதுவே தக்கது எனலாம்.

பலவகைப் பூத்தையல்கள் இடுவதாகக் கூறி விற்கப்படும் மின்சார யந்திரங்களை ஒரேயடியாகத் தள்ளவேண்டுவதில்லை. காஜா எடுத்தலும், ஓரம் அடித்தலும் அவற்றில் எளிது. ஆனால் அவற்றுள் விலை குறைந்தவற்றின் உட்பற்சக்கரங்கள் பலவும் பிளாஸ்டிக்கால் ஆனவை. நாலு மடிப்புத் தடித்த துணியைக் கொடுத்தால் திணறும். ஒன்று உடைந்தால் உறுப்பு வெளியூரிலிருந்து வரவேண்டும். நூறு வகைத் தையலில் வீட்டார் உண்மையில் உபயோகிப்பது மூன்றோ நாலோ என்பதை வாங்கியவர்களே ஒப்புக்கொள்வர். நேர்த்தையல் நன்றாக வருகிறதா என்பதே எந்த யந்திரத்திற்கும் முதற் பரீட்சை.

வேலைக்குச் செல்லும் நோக்கத்துடன் கற்பவரின் நிலை வேறு. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் உள்ளவை நிமிஷத்திற்குப் பல்லாயிரம் தையல் இடும் மின்யந்திரங்களும், ஓவர்லாக், பிளாட்லாக் முதலிய தனிவகை யந்திரங்களுமாகும். பின்னல் துணிக்கு ஊசியின் முனையும் உருண்டதாக இருக்கவேண்டும். வீட்டுக் கால்மிதி யந்திரத்தில் ஆறு மாதம் பழகியவர் அங்கு உடனே நிபுணராகிவிட முடியாது. ஆயினும் துணியை நேராகச் செலுத்தும் கை வந்திருக்கும். கம்பெனியை உத்தேசித்துக் கடன் வாங்கி அத்தகைய பெரிய யந்திரத்தை வீட்டில் நிறுத்துவதற்கு முன், பயிற்சி நிலையத்தில் அதில் அமர்ந்து பழகிப் பார்ப்பது விவேகம்.

பழைய யந்திரத்தைப் பரிசோதித்தல்

புதிய மட்டமான யந்திரத்தைவிடப் பழைய நல்ல யந்திரம் மேலென்பது அநுபவஸ்தர் கொள்கை. அதற்குப் பரிசோதனை வேண்டும். மாடு பிடிப்பவர் முதலில் பல்லைப் பார்க்கிறார். யந்திரத்திற்கும் பல் உண்டு. அழுத்துபாதத்தின் கீழே துணியைத் தள்ளும் பற்கள் கூராக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். மழுங்கியிருந்தால் துணி ஒரே இடத்தில் நின்று தையல் குவியும். அடுத்து, ஊசித்தண்டை விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்தால், அது ஆடலாகாது. சக்கரத்தைக் கையால் மிக மெதுவாகச் சுற்றும்போது, ஒரே சீராகச் சுழல வேண்டும். ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் கனத்தால் உள்ளே தேய்மானமோ, இறுகிய எண்ணெய்ப் பிசினோ இருக்கிறது. பிசின் நீங்கும், தேய்மானம் நீங்காது. கொக்கியின் முனையில் துருவும் முறிவும் இருத்தல் ஆகாது. இரும்புக் கால்களில் வார்ப்பு வெடிப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். வெடிப்பின்மேல் வர்ணம் பூசி மறைப்பது வியாபாரத்தில் உள்ளதுதான்.

இவற்றிற்கெல்லாம் பின், வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற துணியையும் நூலையும் கொண்டு தைத்துப் பார்த்தல் வேண்டும். கடைக்காரர் வைத்திருக்கும் விறைப்பான துணியில் எந்த யந்திரமும் அழகாகத் தைக்கும். பழஞ்சேலை இரண்டு மடிப்பிலும், வேட்டித் துணி நாலு மடிப்பிலும் தைத்து, மேற்புறமும் அடிப்புறமும் பார்க்கவேண்டும். அடிப்புறத்தில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் மேல்நூலின் இறுக்கம் போதாது. கீழ்நூல் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் மிஞ்சி இறுகியிருக்கிறது. இது திருகைத் திருப்பிச் சரிசெய்யக்கூடியதே, யந்திரத்தின் குற்றமன்று. ஆயினும் திருகைத் தொடுமுன் அழுத்துபாதத்தைத் தூக்கிவிட்டு மேல்நூலை மறுபடி கோத்துப் பார்க்கவேண்டும். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்த நூல், இறுக்கும் தட்டுகளுக்கிடையே சரியாக இறங்குவதில்லை. பழுதுபார்ப்பவரை வரவழைத்த வீடுகளில் பல, இந்த ஒரு செய்கைக்காகவே கூலி கொடுத்திருக்கின்றன.

இப்பரிசோதனை முழுவதையும் கற்கப்போகிறவரே செய்யவேண்டும். இருக்கையில் அமர்ந்து மிதித்துப் பார்க்கையில் முழங்கால் மேற்பலகையில் இடிக்கலாகாது. பாதம் இரண்டும் மிதியில் முழுவதும் படிய வேண்டும். வீட்டுத் தலைவர் நின்றுகொண்டு பார்த்து இதை அறிதல் இயலாது.

நூலும் எண்ணெயும்

யந்திர ஊசியில் மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16, ஜீன்ஸ் போன்றவற்றிற்கு 18 என்பது நடைமுறை. இவையே பொட்டலத்தின் மேல் முறையே 75, 90, 100, 110 என்றும் அச்சிடப்பட்டிருக்கும். ஏறக்குறைய எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு முறை ஊசியை மாற்றுதல் நன்று. ஒடியும்வரை ஒரே ஊசியை ஓட்டுவது சிக்கனமன்று. மழுங்கிய ஊசி துணியின் இழைகளை அறுக்கிறது. ஊசியின் தண்டில் ஒரு புறம் தட்டையாக இருக்கும். அத்தட்டை எத்திசை நோக்கவேண்டும் என்பதை யந்திரம் வாங்கும் போதே மாட்டிக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளவேண்டும். நூலை ஒரு முழம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் முடிச்சும் பிசிரும் தெரியும். பிசிருள்ள நூல் இறுக்கும் தட்டுகளில் பஞ்சை அடைத்துவிடும். மேலும் கீழும் ஒரே நூலை இடுவதே கற்பவருக்கு நல்லது.

எண்ணெய் விஷயத்தில் கிராமத்து வீடுகளில் பெருந்தவறு நடக்கிறது. கையெட்டும் தூரத்தில் தேங்காயெண்ணெய் இருப்பதால் அதையே விட்டுவிடுகின்றனர். விளக்கெண்ணெய் விடுவாருமுண்டு. உணவுக்கும் தலைக்கும் உரிய எண்ணெய்கள் காற்றுப் பட்டு நாளடைவில் பிசினாக இறுகும், சக்கரம் சுழலாது. தையல் யந்திரத்திற்கென்று விற்கப்படும் மெல்லிய எண்ணெயையே ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட்டு, பின் கழிவுத் துணியில் சிறிது நேரம் தைத்து, வழிந்ததைத் துடைக்கவேண்டும். முன்பே பிசின் ஏறிய யந்திரமாயின் மண்ணெண்ணெயால் கழுவி, அது உலர்ந்தபின் எண்ணெய் இடலாம்.

யந்திரத்தை நிறுத்தும் இடமும் கருவியின் ஒரு பகுதியே. வெளிச்சம் இடப்புறமிருந்து வருமாறு ஜன்னலருகே, சமதரையில் நிறுத்தவேண்டும். கதிரடிக்கும் நாட்களில் தூசும் சுணையும் பற்களின் அடியில் படியும். அப்பொழுது மூடிவைத்து, பின்னர் தூரிகையால் துடைத்தபின்பே தைக்கவேண்டும். நெல் சேமிக்கும் அறையில் வைக்கலாகாது. எலிக்குத் தோல் பெல்ட்டின் மீது ஆசை அதிகம்.

கிராம அலுவலர் செய்யக்கூடியது

ஒவ்வொரு வீடும் தனித்தனி யந்திரம் வாங்கவேண்டும் என்பதில்லை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு முறை இன்று எங்கும் பரவியுள்ளது. குழுவின் பொறுப்பில் ஓர் யந்திரம் பொது இடத்தில் இருக்குமாயின், யந்திரம் தனக்கு ஏற்றதா என்பதைச் செலவின்றி அறிய அநேகருக்கு வழி பிறக்கும். அத்தகைய யந்திரத்திற்கு எண்ணெய் விடும் பொறுப்பு பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்கப்படவேண்டும். எல்லாருடைய பொறுப்பும் ஒருவருடையதும் ஆவதில்லை. வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் சுமார் ஒரு மாத காலத் தையற் பயிற்சி இலவசமாக அளிக்கப்படுகிறது. கணவனை இழந்தோர், ஆதரவற்றோர், மாற்றுத் திறனாளிகள் முதலியோர்க்குச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் யந்திரத் திட்டம் உண்டு. இதற்குப் பயிற்சிச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டியிருப்பதால், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை காலதாமதமின்றி முடிவது பெரிய உதவியாகும். அரசுப் பள்ளிகளின் இலவசச் சீருடைகளைத் தைத்துக் கொடுக்கும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினராவது எப்படி என்பதையும் விண்ணப்பிப்போருக்கு அலுவலர் எடுத்துச் சொல்லலாம். யந்திரம் கிடைத்தும் வேலை கிடைக்காமல் நிற்பவர் கிராமங்களில் இருக்கின்றனர்.

முதல் பதினைந்து நாட்கள்

யந்திரம் வீட்டிற்கு வந்தவுடன் நல்ல துணியை எடுக்கலாகாது. நூல் கோக்காமல், அழுத்துபாதத்தைத் தூக்கிவிட்டு, வெறுமனே மிதித்துப் பழகவேண்டும். சக்கரத்தின் மேற்புறம் தைப்பவரை நோக்கி வருமாறு சுழலவேண்டும். எதிர்ப்புறம் சுழன்றால் நூல் சிக்கி அறும். இது கால் தானாக அறியும்வரை மூன்று நான்கு நாட்கள் செல்லலாம். அதற்காகக் கேலி செய்தல் கூடாது. பின்னர் பிள்ளைகளின் கோடிட்ட நோட்டுத் தாளில், நூலில்லாப் பழைய ஊசியால், கோட்டின்மேலேயே துளையிட்டுச் செல்லவேண்டும். நேர்க்கோடு வந்தபின் வளைவு. வளைவு வந்தபின் சதுரத்தின் மூலை. மூலையில் ஊசியைத் துணியினுள் இறக்கி நிறுத்திவிட்டு, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பும் பழக்கம் இத்தாளிலேயே படியவேண்டும்.

அதற்கடுத்து நூலுடன் பழந்துணியில் நேர்த்தையல் கொண்ட பைகளும், தலையணை உறைகளும் தைக்கலாம். காய்கறிச் சந்தைக்கு எடுத்துச் செல்லும் துணிப்பை பத்து தைத்தவருக்குக் கை நிற்கும். அப்பால் உள்பாவாடை, அதன்பின் குழந்தையின் சட்டை. ரவிக்கை எல்லாவற்றிற்கும் கடைசி. அதற்கும், பொருத்தமாக உள்ள பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் பிரித்து, தேய்த்து, காகிதத்தின்மேல் வைத்து வரைந்துகொண்டு, முதற் பிரதியைப் பழைய படுக்கை விரிப்பில் வெட்டித் தைத்து, உடுத்திப் பார்த்து, பிசகிய இடங்களைக் காகிதத்தில் திருத்தியபின்பே புதுத் துணியில் கத்தரிக்கோலை வைக்கவேண்டும். திருத்திய காகிதத்தின்மேல் உடுத்துபவரின் பெயரையும் தேதியையும் எழுதி, சுருட்டிக் கட்டி, கத்தரிக்கோல் மாட்டியுள்ள ஆணியிலேயே மாட்டி வைத்தால் அடுத்த பொங்கலுக்கு உதவும்.